உப்பிலாக் கீரையும் உப்பளக் கரையும்



காலால் நடந்து காணாத நாடு, ஏட்டைத் திறவாது அட்டையை மட்டும் பார்த்து வைத்த நூலை ஒக்கும். சென்னையினின்று புதுவைக்குச் செல்வோர் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத்தில் சென்று சேர்கின்றனர். இடையில் மரக்காணம் என்னும் ஊர் வருங்கால், வெயிலில் மின்னும் வெண்மையான பாத்திகளையும் கூம்பு கூம்பாகக் குவித்த உப்பையும் வண்டியின் பலகணி வழியே ஒரு கணம் நோக்கி, அடுத்த கணத்தே மறந்துவிடுகின்றனர். ஆயின் இக்கரையை ஒட்டிச் சென்ற ஒரு பழைய நடைவழியைக் கடைச்சங்க காலத்துப் புலவர் ஒருவர் ஊர் ஊராக, உணவு உணவாக எழுதிவைத்துள்ளார் என்பதை நம்முள் அறிந்தார் சிலரே. அவ்வழியின் வரலாற்றை நம் இதழ் அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அந்நூல் பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. இதனை இயற்றியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். நூலின் அளவு 269 அடிகள். பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு பாணனைக் கண்டு, "யான் பெற்ற வளத்தை நீயும் பெறலாம், இவ்வழியே செல்க" என வழி காட்டுவதே ஆற்றுப்படையின் இலக்கணம். ஆறு என்பது ஈண்டு வழி. எனவே ஆற்றுப்படை எனப்படுவது, புகழ்பாடும் செய்யுளாதலோடு, நடந்து செல்வார்க்கு உதவும் வழிநூலும் ஆகும். கறையான் அரிக்கவிருந்த ஏடுகளினின்று இதனை மீட்டு, நச்சினார்க்கினியர் உரையோடு 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை அச்சேற்றித் தந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களை நன்றியோடு நினைத்து மேற்செல்வோம்.

வழி எங்கே தொடங்குகின்றது? ஊரிலன்று, ஓர் அடுக்களையில் தொடங்குகின்றது. பரிசில் பெற்ற பாணன் தன் பழைய வறுமையைச் சொல்லுகின்றான். கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய், பாலின்மையால் அவை பால் உண்பதைப் பொறாது குரைக்கின்றது. கூரை விழுந்து, சுவரில் கறையான் ஏறி, தரையில் காளான் பூத்துக் கிடக்கின்றது. பசியால் மெலிந்த அவன் மனையாள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, அறியாதார் கண்டு நகுவரே என நாணித் தலைவாயிலை அடைத்துவிட்டு, சுற்றத்தாரோடு உடனிருந்து உண்கின்றாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் வீட்டுப் பாட்டிமார் வாய்மொழி. இக்குடும்பத்துக்கோ குப்பையிலே முளைத்ததுதான் பண்டம், அதற்கும் உப்பில்லை. அங்ஙனம் உப்புக்கும் வழியற்றவரைப் புலவர் முதன்முதலாக எவ்விடத்துக்கு ஆற்றுப்படுத்துகின்றார் எனின், உப்பு விளையும் கழிக்கரைக்கே என்பது ஊன்றி நோக்கத்தக்கது. பசியால் அடைத்த ஒரு கதவினின்று புறப்பட்டு, எவர்க்கும் அடையாத ஒரு வாயிலிற் சென்று முடிவது இவ்வழி. இடையில் உள்ளவை மூன்று ஊர்கள். மூன்று வகைக் குடிகளின் மூன்று விருந்துகள். அம்மூன்றனையும் அறிந்தாலன்றி நாலாவதாகிய அரசனது கொடையின் பெருமை விளங்காது.

இவ்வழியை நூலில் மட்டும் காணாது காலாலும் காண வேண்டும் என்னும் அவாவினால், தைப்பொங்கல் விடுமுறையில் மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு நான்கு நாள் நடந்தேன். புலவர் பிறந்த இடைக்கழி நாட்டினின்றே புறப்பட்டோம். கடலுக்கும் கழிக்கும் இடையே கிடப்பது ஆகலின் இடைக்கழி எனப் பெயர் பெற்றது போலும். இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியாக அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. நல்லூர் என்னும் ஊரும் அங்குளது.

முதல் நாள் மாலை ஆலம்பரைக் கோட்டையை அடைந்தோம். கழிமுகத்தை நோக்கி இடிந்து நிற்கும் செங்கற் சுவர்கள் முகலாயர் ஆட்சிக்காலத்தன. 1750ஆம் ஆண்டில் முசாபர் சங்கு இதனைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அளித்தான். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் இத்துறை பேசப்படுகின்றது. நாணயம் அடித்த சாலையும் கப்பல் அணைந்த துறையும் இருந்தவிடத்தில் இன்று மீன்வலை உலர்கின்றது. கோட்டை கட்டியவரும் இடித்தவரும் போயினர். கழியும் வலையும் உப்பும் மட்டுமே போகாதிருக்கின்றன என்றான் என் மாணவன் ஒருவன். அதற்குமேல் யான் பாடம் நடத்த வேண்டியிராது போயிற்று.

இரண்டாம் நாள் மரக்காணம் சேர்ந்தோம். மதிலின் பெயரால் பெயர் பெற்ற பட்டினம் ஒன்றை நத்தத்தனார் கூறுகின்றார். எயில் என்பது மதில். ஆகலின் அஃது எயிற்பட்டினம். மரக்காணத்தையே எயிற்பட்டினம் என அறிஞர் பலர் கொள்வர். கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய பெரிப்புளூசு என்னும் கடற்பயண நூல், சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபத்மா என மூன்று துறைகளை நிரலே கூறுகின்றது. பொதுகே புதுவையை அடுத்த அரிக்கமேடு என்பர். அதற்கு வடக்கில் நின்ற சோபத்மா சோப்பட்டினமாகலாம் என்பதும், "சோ" என்பதற்கும் மதில் என்றே பொருளாதலால் அதுவும் எயிற்பட்டினமே என்பதும் ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை.

அப்பட்டினத்து நெய்தல் வழியைப் புலவர் வருணிக்குமாறு நோக்குக. தாழை அன்னம்போற் பூக்கின்றது. செருந்தி பொன்னெனக் கண்ணை மயக்குகின்றது. கழிமுள்ளி நீலமணிபோல் ஒளிர்கின்றது. புன்னையோ முத்தை அரும்புகின்றது. அலைகள் எங்கிருந்தோ கொணர்ந்து ஒதுக்கிய மணமிக்க மரங்கள் ஒட்டகங்கள் துயில்வன போல மணலிற் கிடக்கின்றன. அவற்றையே விறகாக மூட்டி, நுளையர் குலப் பெண் தேறலை அரிக்கின்றாள். நடந்து வந்த பாணர்க்கு அத்தேறலையும், சுட்ட குழல்மீன் கருவாட்டையும் பரதவர் ஊட்டுகின்றனர். தேறல் அக்காலத்து வழக்கம். இக்காலத்தார் அதனை விடுத்து அன்பை மட்டும் கொள்க. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது நினைவிருக்கட்டும்.

ஈண்டு உப்பின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். உப்பு விளைநிலத்தை அளம் என்றும், உப்பு வாணிகரை உமணர் என்றும், அவர்தம் வண்டித் தொடரை ஒழுகை என்றும் பழந்தமிழர் வழங்கினர். பெரும்பாணாற்றுப்படை உமணர் வண்டி ஒன்றை நம் கண்முன் நிறுத்துகின்றது: வண்டியின் வாயிலிற் கோழிக்கூடு, தொங்கும் காடிக்கலம், பிடியானையின் முழந்தாள் போன்ற சிற்றுரல், கைக்குழந்தையோடு அமர்ந்து எருதுகளை ஓட்டும் தாய். அதாவது, உப்பு வாணிகம் என்பது குடும்பமே வழிநடந்த வாழ்க்கை. கடலோரத்து உப்பு உள்நாட்டு நெல்லுக்கு மாறிற்று. அவ்வண்டிகள் போய்வந்த தடமே பின்னர்ப் பெருவழியாயிற்று எனக் கருதுதல் தவறாகாது.

மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலில் இராசராச சோழன் காலமுதலான கல்வெட்டுகள் உள்ளன. சோழர் உப்பின்மேல் வரி கொண்டனர். உப்பாயம் என்பது அதன் பெயர். ஆயினும் உப்பைக் காய்ச்சுதலும் விற்றலும் அரசின் தனியுரிமை என்று ஆக்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரே. சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டில் அவ்வுரிமை நிலைநாட்டப்பட்டது. தன் வீட்டுப் புறத்தே வெயிலில் தானே பூத்த உப்பை ஒருவன் அள்ளினும் குற்றம் என்றாயிற்று.

மரக்காணத்திற் சென்று முடியும் பக்கிங்காம் கால்வாயும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் நோக்கித் தொடங்கிய அக்கால்வாய், சிறிது சிறிதாக நீண்டு, ஆந்திரக் கரையினின்று மரக்காணம் வரை படகு செல்லும் நீர்வழியாயிற்று. 1877-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், பசித்த மக்களுக்குக் கூலியாகச் சென்னை நகரத்துள் அதன் இணைப்பு வெட்டப்பட்டது. அப்போதிருந்த ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. உப்பும் விறகும் நெல்லும் அதன்வழி நெடுங்காலம் சென்றன. இன்று படகு இல்லை. பல இடங்களில் ஆழமும் இல்லை.

மரக்காணத்தில் இன்றைக்கு 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் உப்பு விளைகின்றது. தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றுக்கு அடுத்துத் தமிழ்நாட்டில் வைத்து எண்ணப்படும் உப்புத்தலம் இதுவே. தைத் திங்களில் நாங்கள் சென்றபொழுது, மழைநீர் வடிந்த பாத்திகளில் ஆடவரும் பெண்டிரும் வரிசையாக நின்று சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தனர். தரை இறுகினாலன்றி உப்பு வெண்மையாக விளையாதாம். பின்னர் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி கடத்தி, வெயிலிற் காயவிட்டு, நீண்ட கழியிற் பொருத்திய பலகையால் வாரிக் கரையிற் குவிப்பர். புரட்டாசி கடந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தொழில் நின்றுவிடும். குவித்த உப்பை ஓலையாலும் கீற்றாலும் மூடிவைத்துவிட்டு, அடுத்த தை வரை கூலியின்றி இருத்தல் வேண்டும்.

நடுப்பகலில் பாத்திகளை அடுத்த குடிசை ஒன்றன் முன் நின்று குடிநீர் கேட்டோம். உள்ளே உண்டுகொண்டிருந்த மூதாட்டியார், எங்களைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தப் போனார். பிறகு மாணவர் முகத்தை நோக்கினார். கதவை மீண்டும் திறந்தார். "வாங்க ஐயா, கஞ்சிதான் இருக்குது. மூணு மாசமா வேலை இல்லீங்க. புள்ளைங்க பசியோட போகக்கூடாது" என்று சொல்லி, கஞ்சியும் சுட்ட கருவாடும் வைத்தார். பின்பு நகைத்து, "உப்பு மட்டும் எங்க வூட்ல கொறவே இல்லீங்க" என்றார்.

யான் கையிற் கஞ்சியோடு பேசாதிருந்தேன். நாணிக் கதவடைத்த பாணன் மனையாளும், கருவாடு சுட்டுத் தந்த நுளையர் மகளும் ஒரே உருவில் என் முன் நின்றனர். நூலில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவந்த அவ்விரு பகுதிகளும் ஒரே வீட்டில் நிகழக்கூடியன என்பதை அன்றே அறிந்தேன். மழைக்காலத்து வேலையின்மைக்காக உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கத் தமிழ்நாட்டு அரசு அண்மை ஆண்டுகளில் தொடங்கியிருப்பது நன்று. எனினும், நம் இலைகளில் முதலில் இடப்படும் உப்பு இவர்தம் கால்மிதியால் ஆயது என்பதை நாம் மறவாதிருத்தல் அதனினும் நன்று.

மூன்றாம் நாள், கழுவெளி ஏரியைக் கண்டு உள்நாடு திரும்பினோம். உவரும் நன்னீரும் கலந்த அவ்வேரி, தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய கழிவெளி. 2021ஆம் ஆண்டில் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அடைந்தது உப்புவேலூர். புலவர் கூறும் வேலூர் இதுவே என்பர். கடலை விட்டு நீங்கியும் ஊர்ப்பெயரில் உப்பு நீங்கவில்லை. இங்கே எயினர் குலப் பெண்கள், வெயிலில் நடந்து வருந்திய பாணர்க்குப் புளியிட்டுச் சமைத்த வெஞ்சோற்றை ஆமான் சூட்டு இறைச்சியோடு தருகின்றனர். நாலாம் நாள் நல்லாமூர். இதனைப் புலவரின் ஆமூர் என்பர். மருத நிலமாகிய ஆங்கே உழவர் மகள், வெண்சோற்றை நண்டுக் கலவையோடு பிள்ளைகளைக்கொண்டு விருந்தாக ஊட்டுகின்றாள்.

நுளையர், எயினர், உழவர் என மூன்று குடிகள். மீன், இறைச்சி, நெற்சோறு என மூன்று உணவுகள். வந்தவன் யார், எக்குடி, எவ்வூர் என்னும் வினா இம்மூன்று வாயில்களிலும் எழவில்லை. வந்தவன் நடந்து வந்தான், பசித்து வந்தான் என்பதே போதுமாயிற்று. குலத்தின் பெயரால் கூடி, குலத்தின் நலம் பேணும் நாம், நம் முன்னோர் வழியில் இவ்வழக்கும் ஒன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

"இஃது அந்தக் காலத்துக் கதை" என்று கூறுவார் உளரெனின், அவர்க்கு 1930ஆம் ஆண்டை நினைவூட்டுவேன். காந்தியடிகள் தண்டிக்கு நடந்த அதே வேனிலில், ஏப்பிரல் 13ஆம் நாள் இராசாசியவர்கள் தலைமையில் தொண்டர் ஏறக்குறைய நூற்றுவர் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியம் நோக்கிப் புறப்பட்டனர். வழி 150 மைல். நடை பதினைந்து நாள். அதுவும் உப்பை நோக்கிச் சென்ற வழிநடையே. அவர்க்குச் சோறும் உறையுளும் அளிப்போர் சிறை செல்ல நேரும் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சித் தலைவர் தார்ன் என்பார் அறிவித்தார். மக்கள் என் செய்தனர்? உணவுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டனர். தொண்டர் தங்கும் இடங்களில் மறைத்து வைத்தனர். இட்டவர் இன்னார் எனச் சட்டத்தால் அறியக்கூடவில்லை. ஏப்பிரல் 30ஆம் நாள் வேதாரணியத்தில் உப்பு அள்ளப்பட்டது, இராசாசியவர்கள் சிறைசென்றனர். உப்புவரி 1947இல் நீங்கியது. நுளையர் மகள் பாணனுக்குக் கருவாடு சுட்ட அறமே, நூற்றாண்டுகள் பல கடந்தும், காவிரிக்கரை மரக்கிளையிற் கட்டுச்சோறாகத் தொங்கிற்று என்று யான் கூறுவது மிகையன்று.

இனி, வழியின் முடிவு. நாலாம் நாள் மாலை திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலை அடைந்தோம். கிடங்கு என்பது அகழி. நல்லியக்கோடனது கோட்டை நின்ற இடம் இதுவென்பர். பழைய மதிலின் சிதைவுகளும் அகழியின் தடமும் வீடுகளுக்கிடையே தோன்றி மறைகின்றன. சேரர் வஞ்சியும் பாண்டியர் மதுரையும் சோழர் உறந்தையும் வறிதாயினவோ என்னும்படி இவன் கொடை சிறந்தது என்றும், பேகன் முதலிய வள்ளல் எழுவர் தாங்கிய ஈகைப் பொறையை இவன் ஒருவனே தாங்கினான் என்றும் புலவர் பாடுகின்றார். பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அவன் வாயில் அடைத்ததில்லை. வந்த பாணனுக்குத் தூய ஆடை தந்து, வீமன் செய்த சமையல் நூலின் முறை பிழையாத அடிசிலைப் பொற்கலத்தில் இட்டு, அரசன் தானே அருகில் நின்று ஊட்டினான்; தேரும் பொருளும் தந்து அன்றே விடுத்தான்.

அக்கொடையை யான் குறைத்துச் சொல்லேன். ஆயின் ஒன்று எண்ணுக. மூன்று நாள் வழியில் மூன்று எளிய வீடுகள் கதவைத் திறந்திராவிடின், அவ்வரசனது அடையா வாயிலைப் பாணன் உயிரோடு எய்தியிரான். அரசன் கொடையைப் புலவர் பாடினார். அக்குடிகளின் கொடையையும் அதே பாட்டில், அதே வரிசையில் வைத்துப் பாடினார். நத்தத்தனாரின் பெருமை இதுவே என்பது என் துணிபு.

மன்னர் மதில் மண்ணாயிற்று. முன்னாளில் நம் பெரியோர் வழியோரத்தில் நட்ட சுமைதாங்கிக் கற்களும், வைத்த தண்ணீர்ப் பந்தல்களும், கட்டிய சத்திரங்களும் சாலை அகலுந்தோறும் மறைந்து வருகின்றன. நம் அன்பர்கள் ஆண்டுக்கொருமுறையேனும் தம் மக்களை அழைத்துக்கொண்டு இவ்வழியில் ஒரு நாள் நடப்பாராக. உப்பளத்து ஓரத்தில் நின்று, மிதிப்பாரது காலை ஒருமுறை காட்டுவாராக. கோடையில் தம் வாயிலில் ஒரு குடம் தண்ணீர் வைப்பாராக. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது முதுமொழி. நமக்கு நாள்தோறும் உப்பிடுவோர் மரக்காணத்தில் இருக்கின்றனர்.

வழி வாழ்க! வழிச்செல்வார்க்குக் கதவு திறப்பார் வாழ்க!